ஒரு காசுக்கு மூன்று உயிர்

பேக்-மேன் ஆர்கேட் பெட்டியைச் சாவி போட்டுத் திறந்தால், உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையில் நகக்கண் அளவுக்குச் சின்னச் சின்ன சுவிட்சுகள் ஒரு வரிசையாக இருக்கும். ஒரு காசுக்கு ஒரு ஆட்டமா, இரண்டு ஆட்டமா? ஆடுகிறவருக்கு ஒரு உயிரா, இரண்டா, மூன்றா, ஐந்தா? இலவச உயிர் 10,000 புள்ளிக்கா, 15,000க்கா, 20,000க்கா, கிடையவே கிடையாதா? எல்லாம் அந்தச் சுவிட்சுகளில் இருந்தது. சாவி கடைக்காரரிடம் இருந்தது. கல்லா குறைந்தால் அவர் இரவோடு இரவாக ஒரு சுவிட்சைத் தட்டிவிடுவார். மறுநாள் வரும் பையனுக்கு நேற்று ஆடிய ஆட்டம் இன்று ஏன் கைக்கு வரவில்லை என்று தெரியாது.

எண்பதுகளின் ஆர்கேட் கேம்களை இன்று பலரும் திரும்ப எடுத்து ஆடுகிறார்கள். பேச்செல்லாம் வண்ணம், இசை, பழைய நினைவு என்றுதான் போகிறது. எனக்கு அந்தச் சுவிட்சுதான் முக்கியமாகப் படுகிறது. இந்த ஆட்டங்கள் கடினமாக இருப்பதற்கும், சில நிமிடங்களில் முடிந்துவிடுவதற்கும், எவ்வளவு அடிபட்டாலும் இன்னொரு தடவை என்று கை துறுதுறுப்பதற்கும் காரணம் ஒன்றே. அமெரிக்காவில் 25 சென்ட், ஜப்பானில் 100 யென். அந்த நாணயத்தை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு தாவலும் ஒவ்வொரு எதிரியும் செதுக்கப்பட்டன.

தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நாணயம் தெரியாது. நம் வீடுகளுக்கு இவை கேசட்டாக வந்தன. நிண்டெண்டோ கருவியின் மலிவு நகல் ஒன்றை டி.வி.யோடு இணைத்து, ‘இதில் 9999 கேம்’ என்று அட்டையில் புளுகியிருந்த மஞ்சள் கேசட்டைச் செருகி, அண்ணன் தம்பி சண்டைக்கு நடுவே காண்ட்ரா ஆடினோம். ஆட்டம் ஏன் இவ்வளவு கொடூரமாக இருக்கிறது, ஒரு குண்டு பட்டால் ஏன் செத்துப் போகிறான் என்று யாரும் கேட்கவில்லை. காசு விழும் கடைக்காகப் பிறந்த ஆட்டத்தின் வீட்டுப் பதிப்பை ஆடிக்கொண்டிருக்கிறோம் என்பது தெரியவே தெரியாது.

நின்றால் சாவு

கதையை 1978லிருந்து தொடங்க வேண்டும். டைட்டோ நிறுவனத்தின் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 வேற்றுலக ஜந்துக்கள் அணிவகுத்து இறங்கி வரும். அந்தக் காலச் சிப்புக்கு 55ஐயும் ஒரே நேரத்தில் நகர்த்தும் தெம்பு இல்லை. திரையின் ஒரு சட்டத்துக்கு ஒரு ஜந்து என்று முறைவைத்து நகர்த்தும். சுடச் சுட எண்ணிக்கை குறையும், முறை சீக்கிரம் சீக்கிரம் வரும், மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். கடைசி ஒன்று பறக்கும். இயந்திரத்தின் இயலாமையில் தானாக விழுந்த இந்த வேகத்தை நிஷிகாடோ திருத்தாமல் விட்டுவைத்தார். அடுத்த பத்தாண்டுகளின் ஆக்‌ஷன் கேம்கள் அனைத்துக்கும் இதயத்துடிப்பு அங்கிருந்துதான் வந்தது என்பேன். (அந்த ஆட்டத்தால் ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்றொரு கதை உலவுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆதாரம் இல்லை.)

மறுவருடம் அமெரிக்காவில் அடாரியின் ஆஸ்டெராய்ட்ஸ் வந்தது. எட் லாக், லைல் ரெயின்ஸ் இருவரின் படைப்பு. அதில் ஒரு ஓட்டையை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். பாறைகளில் ஒன்றிரண்டை மட்டும் உடைக்காமல் விட்டுவிட்டுத் திரையின் ஓரமாகப் பதுங்கியிருக்க வேண்டும். பறக்கும் தட்டு வரும்போது சுட்டுப் புள்ளி சேர்க்க வேண்டும். கைதேர்ந்தவர்கள் ஒரே காசில் மணிக்கணக்காக நின்றார்கள். கடைக்காரர்களுக்கு வயிறு எரிந்திருக்கும். 1981இல் வந்த ஆஸ்டெராய்ட்ஸ் டீலக்ஸில் அந்தப் பதுங்கல் பலிக்கவில்லை.

அதே எட் லாக் 1985இல் காண்ட்லெட் செய்தார். நான்கு பேர் தோளோடு தோள் இடித்து நின்று ஆடும் பெரிய பெட்டி. போர்வீரன், வால்கைரி, மந்திரவாதி, எல்ஃப் என்று ஆளுக்கொரு வேடம். இதில் உயிர்களின் எண்ணிக்கை என்று ஒன்று கிடையாது. ஆரோக்கியம் ஒரு எண்ணாக மேலே ஓடும். பேய் தொட்டாலும் குறையும், சும்மா நின்றாலும் குறையும், கொட்டாவி விட்டாலும் குறையும். ஏற்ற வேண்டுமென்றால் வழியில் கிடக்கும் சாப்பாட்டைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு காசு போட வேண்டும். ஆட்டம் நிற்காமலேயே போடலாம். எண் இறங்கியதும் போர்வீரனுக்குப் பசிக்கிறது என்று பெட்டியே வாய்திறந்து அறிவிக்கும். பக்கத்தில் மூன்று நண்பர்கள் நிற்கும்போது காசில்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு காசில் மணிக்கணக்காக நின்றவர்களைப் பார்த்த மனிதர், நிற்பதற்கே வாடகை வசூலித்துவிட்டார் என்று நினைக்கத் தோன்றுகிறது. புத்திசாலித்தனத்துக்கு ஒரு சலாம். ஆனால் இன்று தனியாக உட்கார்ந்து ஆடினால் காண்ட்லெட் அலுத்துவிடுகிறது. கதவு, சாவி, பேய்க்கூட்டம், மறுபடி கதவு. அதன் ருசி கூட்டத்தில் இருந்தது.

நான்கு பேய்களின் குணம்

காசை வாங்கிக்கொண்டும் நியாயமாக நடந்துகொண்ட ஆட்டங்கள் உண்டு. அவற்றில் முதலிடம் பேக்-மேனுக்கு. 1980 மே மாதம் டோக்கியோவின் ஷிபுயாவில் முதல் சோதனைப் பெட்டி வைக்கப்பட்டது. செய்தவர் நாம்கோவின் தோரு இவாடானி. அப்போது அவருக்கு வயது 25. ஆர்கேட் கடைகள் ஆண்பிள்ளைகளின் இருட்டு மடமாக இருந்த காலத்தில், பெண்களும் ஜோடிகளும் வந்து ஆடுவதற்கு ஒன்று வேண்டும் என்று நினைத்தார். சுடுவதற்குப் பதில் சாப்பிடுவது. 240 புள்ளிகள், மூலைக்கு ஒன்றாக நான்கு பெரிய உருண்டைகள், நான்கு பேய்கள்.

அந்தப் பேய்களைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். சிவப்புப் பேய் நேராக உங்களைத் துரத்தும். இளஞ்சிவப்பு, நீங்கள் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைத்து வழிமறிக்கப் பார்க்கும். நீலம், சிவப்புப் பேய் நிற்கும் இடத்தையும் உங்கள் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வரும். அதனால் அது எங்கே திரும்பும் என்று ஊகிப்பது கஷ்டம். ஆரஞ்சு தூரத்தில் இருந்தால் துரத்தும், எட்டுக் கட்டத்துக்குள் வந்துவிட்டால் தன் மூலைக்கு ஓடிப்போகும். நாலே வரியில் சொல்லிவிடக்கூடிய விதிகள். ஆனால் திரையில் நாலும் கூடிப் பேசிச் சூழ்ச்சி செய்வதுபோல் தோன்றும். நடுநடுவே சில விநாடிகள் எல்லாப் பேய்களும் துரத்துவதை விட்டுத் தத்தம் மூலைக்குப் போய்விடும். ஆடுகிறவர் மூச்சு விடட்டும் என்று தரப்பட்ட இடைவெளி அது. செத்தால் ஏன் செத்தோம் என்று தெரியும். அந்தத் தெளிவுதான் அடுத்த காசை எடுக்க வைக்கிறது.

பேய்கள் எதேச்சையாக முடிவெடுப்பதில்லை. நீங்கள் நேற்று திரும்பியபடியே இன்றும் திரும்பினால் அவையும் நேற்று வந்தபடியே வரும். அதனால் அமெரிக்காவில் ஆட்டக்காரர்கள் வழித்தடங்களை மனப்பாடம் செய்தார்கள். வழித்தடம் சொல்லிக்கொடுக்கும் புத்தகங்கள் விற்றன. கடைசியில் ஆட்டத்தின் சுவரிலேயே போய் முட்டினார்கள். எந்தச் சுற்று என்பதைக் கணக்கு வைக்க இயந்திரம் ஒதுக்கியது 8 பிட். அதில் 255க்கு மேல் எழுத முடியாது. 256ஆம் சுற்றில் கணக்கு உருண்டு, திரையின் கீழே ஏழு பழம் வரைய வேண்டிய நிரல் 256 பழம் வரையப் புறப்படும். வலது பாதி முழுக்க எழுத்தும் குப்பையுமாகிவிடும். அந்தப் பாதியில் தின்னப் போதிய புள்ளிகள் இல்லை. சுற்றை முடிக்க வழியில்லை. அதுவரை ஒரு புள்ளி, ஒரு பேய், ஒரு பழம்கூட விடாமல் வந்தால் கிடைக்கும் உச்ச மதிப்பெண் 33,33,360.

1981இல் வந்த நிண்டெண்டோவின் டாங்கி காங்குக்கும் இதே கதிதான். அமெரிக்காவில் விலைபோகாமல் தேங்கிக் கிடந்த ரேடார் ஸ்கோப் பெட்டிகளைக் காப்பாற்ற, ஷிகேரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம் புது ஆட்டம் கேட்டார்கள். பாப்பாய் பாத்திரங்களை வைத்துச் செய்ய நினைத்தார்கள், உரிமை கிடைக்கவில்லை. பாப்பாய் போன இடத்தில் ஒரு தச்சன் வந்தான். பின்னாளில் அவன்தான் மரியோ. அந்த ஆட்டத்தில் சுற்றுக்கான நேரத்தைச் சுற்று எண்ணுடன் நாலைக் கூட்டிப் பத்தால் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள். 22ஆம் சுற்றில் 260 வரும். 8 பிட்டில் 260 நிற்காது. 256 கழிந்து 4 மிஞ்சும். தச்சன் ஏணி ஏறுவதற்குள் நேரம் முடிந்து செத்துவிழுவான். இவ்வளவு தூரம் யாராவது வந்து நிற்பார்கள் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கவே மாட்டார்கள்.

கைகலப்பின் பரம்பரை

எண்பதுகளின் நடுவில் விண்கலங்கள் மெல்ல ஒதுங்கின. மனிதர்கள் அடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். இந்த வம்சாவளியில் ஒருவர் பெயரைச் சொல்லியாக வேண்டும்: தகாஷி நிஷியாமா. ஐரெம் நிறுவனத்தில் இருந்தபோது 1984இல் குங்-ஃபூ மாஸ்டர் செய்தார். ஜப்பானில் அது ஜாக்கி சானின் ‘வீல்ஸ் ஆன் மீல்ஸ்’ படத்தோடு சேர்த்து விற்கப்பட்ட ஆட்டம். உள்ளே இருக்கும் எலும்புக்கூடோ புரூஸ் லீ முடிக்காமல் போன ‘கேம் ஆஃப் டெத்’துடையது: ஐந்து மாடி, மாடிக்கொரு தலைவன், உச்சியில் சிறைப்பட்ட காதலி. ஒரு பட்டன் குத்து, ஒரு பட்டன் உதை. பெரும்பாலான எதிரிகள் அடிக்கக்கூட மாட்டார்கள். வந்து கட்டிப் பிடித்துக்கொள்வார்கள், உடம்பு வற்றும். நாற்பது வருடம் கழித்து ஆடினாலும் அந்த உதையின் கச்சிதம் கெடவில்லை. ஒரு உதை, ஒரு சத்தம், ஒரு ஆள் காலி.

நிஷியாமா அப்புறம் கேப்காமுக்குப் போனார். 1987இல் முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர். அதன் ஆடம்பரப் பெட்டியில் பட்டனுக்குப் பதில் இரண்டு பெரிய ரப்பர் மெத்தைகள். எவ்வளவு பலமாகக் குத்துகிறீர்களோ அவ்வளவு பலமான அடி திரையில் விழும். நினைத்துப் பார்க்க அருமையான யோசனை. நடைமுறையில் ஆட்டக்காரர்களின் கை வீங்கியது, மெத்தை பிய்ந்தது. பதிலாக ஆறு பட்டன் வைத்தார்கள்: மூன்று குத்து, மூன்று உதை, மெல்ல, நடுத்தரமாக, பலமாக. சண்டை கேம் ஆடும் எவரும் இன்றைக்கும் கைவைக்கும் அந்த ஆறு பட்டன், உடைந்துபோன ஒரு மெத்தையின் வாரிசு. ஆட்டமாக அது சுமார்தான். கட்டளையை இயந்திரம் சரியாகக் கேட்பதில்லை, நூறு தடவை சுழற்றினால் ஒரு தடவை தீப்பந்து வரும். 1991இல் வந்த இரண்டாம் பாகத்தின் புகழ் முதல் பாகத்தையும் சேர்த்துக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இன்னொரு கிளை டெக்னோஸ் நிறுவனத்தின் யோஷிஹிசா கிஷிமோட்டோ. பள்ளி நாட்களில் காதல் தோல்வி, தெருச் சண்டை என்று திரிந்தவர். அந்த அனுபவத்தை வைத்து 1986இல் குனியோ-குன் செய்தார்; அமெரிக்காவில் ரெனிகேட் என்ற பெயரில் வந்தது அதுவே. ‘என்டர் தி டிராகன்’ மீதிருந்த மோகம் 1987இல் டபுள் டிராகனாக வெளிவந்தது. முதல் காட்சியிலேயே ரவுடிகள் வந்து மரியன் என்ற பெண்ணை வயிற்றில் குத்தித் தோளில் தூக்கிப் போவார்கள். கராஜ் கதவு மேலே போகும். அண்ணனும் தம்பியும் வெளியே வருவார்கள். வசனம் இல்லை, விளக்கம் இல்லை. நம்மூர் மசாலாப் படத்தின் முதல் ரீலை இவ்வளவு சிக்கனமாக யாரும் எடுத்ததில்லை.

ஆட்டத்தில் குறைகள் ஏராளம். திரையில் ஆட்கள் கூடிவிட்டால் இயந்திரம் திணறி, எல்லோரும் தண்ணீருக்குள் நடப்பதுபோல் நகர்வார்கள். ஸ்பேஸ் இன்வேடர்ஸில் ஆள் குறையக் குறைய வேகம் கூடியதற்கு நேர் எதிர். பின்னால் வருபவனை முழங்கையால் இடிக்கும் ஒரு அடி இருக்கிறது. அது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஆட்டத்தையே முடித்துவிடலாம். ஆனாலும் கீழே விழுந்த பேஸ்பால் மட்டையைக் குனிந்து எடுக்கும் அந்த நொடியும், தலைமுடியைப் பிடித்து முழங்காலால் இடிப்பதும் இன்றும் சுகம். எல்லா எதிரிகளையும் இரண்டு பேர் சேர்ந்து முடித்தபின் ஆட்டம் ஒரு விஷமம் செய்யும்: அண்ணனும் தம்பியும் மரியனுக்காக ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள வேண்டும். அதுவரை பங்குபோட்டுக் காசு போட்ட சிநேகிதர்கள் அங்கே என்ன ஆனார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது.

இந்தப் பாணியின் உச்சம் கேப்காமின் ஃபைனல் ஃபைட், 1989. முதலில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ’89 என்று பெயர் வைத்துக் காட்டப்பட்டது, பிறகு மாறியது. மகளைக் கடத்திவிட்டார்கள் என்றதும் ஊர் மேயரே சட்டையைக் கழற்றிவிட்டுத் தெருவில் இறங்குகிறார். மாநகராட்சி நிர்வாகத்தில் இப்படியொரு சுறுசுறுப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஏமாற்றுகிறவர்களும் உண்டு

கேப்காமின் கோஸ்ட்ஸ் ’ன் காப்ளின்ஸை ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். 1985, தொகுரோ ஃபுஜிவாரா. வீரன் ஆர்தர் முதல் அடியில் கவசம் கழன்று ஜட்டியோடு நிற்பான். இரண்டாவது அடியில் எலும்புக்கூடு. தாவிவிட்டால் நடுவானில் திசை மாற்ற முடியாது. இதெல்லாம் நியாயமான கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயிரைக் கொடுத்துக் கடைசிவரை போனால், இதுவரை நடந்தது சாத்தானின் மாயை என்று சொல்லி ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து ஆடச் சொல்கிறது. கதையில் திருப்பம் என்று இதற்குப் பெயர் வைத்தால் நம்பாதீர்கள். நடப்பது வசூல்.

கொனாமியின் கிராடியஸும், அதே 1985, இன்னொரு வகையில் கல்நெஞ்சம். பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த ஆயுதம் எல்லாம் ஒரு சாவில் போய்விடும். வெறுங்கையோடு அதே எதிரிகள் முன் நிற்க வேண்டும். முதல் உயிர் போனால் மற்ற உயிர்கள் பெயரளவுக்குத்தான். அந்த ஆட்டத்தை வீட்டுக் கருவிக்கு மாற்றும் வேலை 1986இல் கசுஹிசா ஹாஷிமோட்டோவிடம் வந்தது. சோதித்துப் பார்க்க வேண்டியவர் அவர். அவராலேயே ஆட முடியவில்லை. அதனால் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று அழுத்தினால் ஆயுதமெல்லாம் வந்துவிடும்படி தனக்காக ஒரு குறுக்குவழி எழுதினார். அது ஆட்டத்திலேயே தங்கிவிட்டது. பிறகு காண்ட்ராவின் வீட்டுப் பதிப்பில் அதே வரிசை 30 உயிர் கொடுத்தது. நம் தெருக்களில் மந்திரம்போல் காதோடு காதாகப் பரவிய சங்கதியின் பூர்வீகம் இதுதான்.

இதற்கெல்லாம் மாறாக டைட்டோவின் பபிள் பாபிள், 1986. இரண்டு குட்டி டைனோசர்கள், நூறு சுற்று, சோப்புக் குமிழி. செய்தவர் ஃபுகியோ மிட்சுஜி. தனியாளாக நூறாவது சுற்றை முடித்தால் முழு முடிவு கிடையாது. கூட ஒரு ஆளை அழைத்துவரச் சொல்லும். இதிலும் வியாபாரம் இருக்கிறது, இரண்டாவது காசு விழுகிறது. ஆனால் அந்தக் காசைக் கொடுக்க யாருக்கும் மனம் கசந்திருக்காது. இந்தக் கட்டுரையில் வருவனவற்றில் ஒன்றை மட்டும் யாருக்காவது பரிந்துரைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இன்று எப்படி ஆடுவது

அசல் பெட்டிகள் வயதாகிச் சாகின்றன. படக்குழாய் டி.வி.க்கள் உற்பத்தி நின்றுவிட்டது. செகா எண்பதுகளின் பிற்பகுதியில், நகலெடுப்பவர்களைத் தடுக்கச் சில பலகைகளில் மறைகுறியீட்டுச் சாவியை ஒரு பேட்டரியின் தயவில் வைத்தது. பேட்டரி தீர்ந்தால் சாவி அழிந்து ஆட்டமே போய்விடும். இவற்றை மீட்டவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997 பிப்ரவரியில் வெளியிட்ட மேம் என்ற எமுலேட்டர் (பழைய பெட்டியைக் கணினியில் போலச்செய்யும் மென்பொருள்) இல்லாவிட்டால், ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் பெயராக மட்டுமே மிஞ்சியிருக்கும். இப்போது ஹாம்ஸ்டர் நிறுவனம் ஆர்கேட் ஆர்க்கைவ்ஸ் என்ற வரிசையில் உரிமம் பெற்றே பழைய ஆட்டங்களை வெளியிடுகிறது. அசல் பெட்டி முன்னால் நிற்க வேண்டுமென்றால் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஃபன்ஸ்பாட், இலினாய்ஸில் கேலப்பிங் கோஸ்ட், டோக்கியோவின் தகதனோபாபாவில் மிகாடோ போன்ற இடங்கள் இருக்கின்றன.

எமுலேட்டரில் ஒரு ஆபத்து உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் காசு. அழுத்திக்கொண்டே இருந்தால் ஃபைனல் ஃபைட் முக்கால் மணியில் முடிந்துவிடும். ஒன்றும் மனதில் தங்காது. ஜப்பானிய ஆர்கேட்காரர்களிடம் ஒற்றைக் காசில் முடிப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. முடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, நம்மால் ஆகாது. ஆனால் ஒரு காசு போனால் எழுந்துவிடுவது என்று ஒரு நாள் வைத்துப் பாருங்கள். குங்-ஃபூ மாஸ்டரின் இரண்டாம் மாடித் தலைவன் திடீரென்று பெரிய ஆளாகத் தெரிவான். செத்த இடம் நினைவில் நிற்கும். மறுநாள் அங்கே வரும்போது கை தானாக ஜாக்கிரதையாகும். அமைப்புகளுக்குள் போனால் அந்தச் சுவிட்சுகளும் அப்படியே இருக்கின்றன. உயிரை ஐந்தாக்கவும் ஒன்றாக்கவும் இப்போது சாவி உங்களிடமே. ஐந்து வைத்துத் தொடங்குவதில் வெட்கமில்லை.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் எந்தச் சலுகையும் வேலைக்கு ஆகாது. யூஜின் ஜார்விஸும் லாரி டிமாரும் வில்லியம்ஸ் நிறுவனத்துக்காக 1982இல் செய்த ரோபோட்ரான்: 2084. விபத்தில் வலது கையில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்தார் ஜார்விஸ். ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டே பட்டனைத் தட்டுவது முடியாத காரியம். அதனால் பட்டனே இல்லாமல் இரண்டு ஜாய்ஸ்டிக் வைத்தார்கள்: இடது நடக்க, வலது சுட. ஒரு திசையில் ஓடிக்கொண்டே வேறு திசையில் சுடலாம். ஒளிய மூலையே கிடையாது, நாலாபக்கமும் ரோபோக்கள், நடுவில் காப்பாற்ற வேண்டிய ஒரு குடும்பம். சுற்று தொடங்கி இரண்டு நொடிக்குள் மூளை கையிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கணினி விசைப்பலகையில் அதை ஆடப் புறப்படும் தைரியசாலிகளுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.